மெழுகில் மறைந்திருந்த எமன்

துப்பறியும் கதை படிப்பவர்களுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற பெயர் தெரியாமல் இராது.

ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில், அவர் என்ன தொழில் செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவார், ஹோம்ஸ். அவர் கதையில் வருகிறவர். உண்மையில் வாழ்ந்தவர் அல்ல.

ஆனால், அவருக்கு முன்மாதிரியாக ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார். அவர் பெயர் ஜோசப் பெல். ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோவில் அறுவை சிகிச்சை டாக்டர். ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனான் டாயில், அவரிடம் வைத்தியம் படித்த மாணவர்.

நோயாளியின் கையையும், நடையையும், உடையையும் பார்த்தே அவருடைய தொழிலைச் சொல்லிவிடுவார், பெல்.

அந்த டாக்டர் பெல், 1876-ம் ஆண்டு ஒரு கொலைகாரனைப் பற்றி எழுதினார். அந்தக் கொலைகாரன் கத்தி எடுக்கவில்லை. துப்பாக்கி தூக்கவில்லை. அவன் ஒளிந்திருந்த இடம், மெழுகு!

ஆம். மெழுகுவர்த்தி செய்யப்படுகிறதே, அந்த மெழுகுதான். அதைத் தயாரித்த தொழிலாளர்களைப் புற்றுநோய் பிடித்தது.

அதே மெழுகின் இனம், இன்று சூயிங்கத்தில் சேர்க்கப்படுகிறது. பாலாடைக் கட்டியின் மேல் பூசப்படுகிறது. தின்பண்டம் சுற்றும் காகிதத்தில் தடவப்படுகிறது.

ஆளைக் கொன்ற மெழுகு, வாயில் போடும் மெழுகாக மாறியது எப்படி? அதில் நஞ்சு இல்லை என்று கண்டுபிடிப்பது எப்படி?

கல்லில் பிறந்த மெழுகு

முற்காலத்தில், மேல்நாடுகளில் ஆட்டுக் கொழுப்பிலும் மாட்டுக் கொழுப்பிலும் மெழுகுவர்த்தி செய்தார்கள். அது புகையும். நாற்றம் அடிக்கும். பணக்காரர்கள் மட்டும் தேன் மெழுகில் செய்த வர்த்தியை ஏற்றினார்கள்.

1830-ம் ஆண்டு, ரைக்கன்பாக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, மரத்தைச் சுட்டு எடுத்த தாரில் இருந்து வெள்ளையான ஒரு பொருளைப் பிரித்து எடுத்தார். அது அமிலத்தோடும் சேரவில்லை. காரத்தோடும் சேரவில்லை. யாரோடும் ஒட்டாத அந்தப் பொருளுக்கு 'பாரபின்' என்று பெயர் வைத்தார். 'உறவு குறைந்தது' என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள்.

1850-ம் ஆண்டு, ஜேம்ஸ் யங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஒருவகை நிலக்கரியைச் சூடாக்கி எண்ணெயும் மெழுகும் எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். எடின்பரோவுக்கு மேற்கே உள்ள பாத்கேட் என்ற ஊரில் தொழிற்சாலை எழும்பியது. பிற்பாடு, எண்ணெய் கலந்த ஒருவகைக் களிப்பாறையை வெட்டி எடுத்து, அதில் இருந்தும் எண்ணெயும் மெழுகும் எடுத்தார்கள்.

ஏழைகளின் குடிசையிலும் வெள்ளை மெழுகுவர்த்தி எரிந்தது. ஆனால், அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

எண்ணெயில் ஊறிய உடை

எண்ணெயில் இருந்து மெழுகை எப்படிப் பிரிப்பார்கள்?

எண்ணெயை நன்றாகக் குளிர வைப்பார்கள். மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைகிறது அல்லவா? அதுபோல, எண்ணெய்க்குள் இருக்கும் மெழுகு செதில் செதிலாக உறையும்.

அந்தக் கூழைக் கனத்த துணிகளுக்கு இடையே விட்டு, யந்திரத்தில் அழுத்துவார்கள். எண்ணெய் பிழிந்து வெளியேறும். மெழுகு, துணியில் தங்கும். தொழிலாளி யந்திரத்தைத் திறந்து, துணியில் ஒட்டி இருக்கும் மெழுகைச் சுரண்டி எடுப்பார்.

நாள் முழுவதும் இதே வேலை. கையிலும் காலிலும் எண்ணெய் வழியும். கால்சட்டையின் முன்பக்கம் எண்ணெயில் ஊறிவிடும். ஊறிய உடையோடு வீட்டுக்குப் போவார்கள். மறுநாளும் அதே உடையில் வேலைக்கு வருவார்கள்.

முதலில் தோலில் கொப்புளம் வரும். பிறகு மரு மருவாகத் தடிக்கும். ஆண்டுகள் பல கழித்து, சிலருக்கு அது ஆறாத புண்ணாக மாறும்.

அந்தப் புண்ணைத்தான் டாக்டர் பெல் கண்டார். மறைவிடத் தோலில் வந்திருந்த அது, சாதாரணப் புண் அல்ல. புற்றுநோய்!

அதற்கு முந்திய ஆண்டு, அதாவது 1875-ல், ஜெர்மனியில் ஹாலே நகரில் வோல்க்மன் என்ற டாக்டரும் இதையே கண்டு சொல்லி இருந்தார். அவரிடம் வந்த நோயாளிகள், பழுப்பு நிலக்கரியில் இருந்து தாரும் பாரபினும் எடுக்கும் ஆலைகளில் வேலை செய்தவர்கள்.

இவர்களுக்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே, 1775-ல், லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட் என்பவர், புகைக்கூண்டு சுத்தம் செய்கிறவர்களுக்கு இதே இடத்தில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். சிறுவயதில் புகைக்கூண்டுக்குள் ஏறி இறங்கியபோது படிந்த கரி, அவர்கள் பெரியவர்கள் ஆனபின் உயிரைக் கேட்டது.

புகைக்கூண்டுக் கரி, தார், மெழுகு ஆலை எண்ணெய். மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன?

முயலின் காது சொன்ன சாட்சி

குற்றவாளியைப் பிடிக்கச் சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியைத் தேடிக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யமகிவா என்ற பேராசிரியரும், அவருடைய உதவியாளர் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தடவினார்கள்.

ஒருநாள், இரண்டு நாள் அல்ல. மாதக்கணக்கில் விடாமல் தடவினார்கள். அவர்களுக்கு முன்னால் முயன்றவர்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிட்டு விட்டார்கள். இவர்கள் விடவில்லை.

1915-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. முயலின் காதில் புற்று முளைத்தது!

தாருக்குள் எமன் இருக்கிறான் என்பது உறுதி ஆயிற்று. ஆனால், தார் என்பது நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த கலவை. அதில் எமன் எந்தப் பொருள்?

2 டன் கீல்

லண்டன் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கென்னவே என்பவரின் தலைமையில் ஒரு குழு இந்த வேட்டையில் இறங்கியது.

அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது, ஒளி.

வானவில்லில் கடைசி நிறம் ஊதா. அதற்கு அப்பாலும் ஒளி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் புற ஊதா ஒளி என்று பெயர். புற்றுநோய் உண்டாக்கும் தாரின் மேல் இந்த ஒளியைப் பாய்ச்சினால், தார் நீலமாக மினுங்கியது. ஹீகர் என்ற விஞ்ஞானி அந்த மினுக்கத்தைக் கருவியில் அளந்தார். அதில் மூன்று பட்டைகள் தெரிந்தன. புற்றுநோய் உண்டாக்கும் பல தார்களில் அதே மாதிரிப் பட்டைகள்!

திருடனின் கைரேகை கிடைத்துவிட்டது.

காஸ் ஆலையில் இருந்து 2 டன் கீலை வாங்கினார்கள். காய்ச்சினார்கள், வடித்தார்கள், பிரித்தார்கள். ஒவ்வொரு பங்கையும் ஒளியில் பிடித்துப் பார்த்தார்கள். மினுக்கம் கூடும் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தள்ளினார்கள்.

1933-ம் ஆண்டு, குக், ஹீவட், ஹீகர் என்ற மூவரும் முடிவை வெளியிட்டார்கள். 2 டன் கீலில் கடைசியாக மிஞ்சியது, சில கிராம் மஞ்சள் நிறப் படிகம். அதற்குப் பெயர், 'பென்சோ பைரீன்'.

சுண்டெலியின் தோலில் தடவிப் பார்த்தார்கள். புற்றுநோய் வந்தது. எமன் பிடிபட்டான்!

சரமும் வளையமும்

மெழுகுக்கும் இந்த எமனுக்கும் என்ன உறவு? நெருங்கிய உறவுதான். இரண்டும் ஒரே குடும்பம்.

அந்தக் குடும்பத்துக்கு 'ஹைட்ரோ கார்பன்' என்று பெயர். ஹைட்ரோ என்பது ஹைட்ரஜன் வாயுவைக் குறிக்கும். கார்பன் என்றால் கரி. இந்த இரண்டு பொருள்களின் அணுக்கள் மட்டும் சேர்ந்து உண்டானது ஹைட்ரோ கார்பன். சமையல் காஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், மெழுகு எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

மெழுகில் கரி அணுக்கள், சரத்தில் பூக்களைத் தொடுத்ததுபோல வரிசையாக இருக்கும். ஒரு சரத்தில் 20 முதல் 40 கரி அணுக்கள் வரை இருக்கும்.

பென்சோ பைரீன் அப்படி அல்ல. அதில் கரி அணுக்கள் வளையம் வளையமாகப் பின்னி இருக்கும். தேன்கூட்டில் அறைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கும் அல்லவா? அதுபோல 5 வளையங்கள் ஒட்டி இருக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள்.

பென்சோ பைரீனில் உள்ள கரி அணுக்கள் 20. ஹைட்ரஜன் அணுக்கள் 12.

மெழுகில் உள்ள ஒருவகைச் சரத்திலும் கரி அணுக்கள் 20. ஆனால், ஹைட்ரஜன் அணுக்கள் 42.

கரியின் எண்ணிக்கை ஒன்றே. சரமாகத் தொடுத்தால் மெழுகு. வளையமாகப் பின்னினால் நஞ்சு!

சரம், யாரோடும் சேராது. வளையமோ, உடலுக்குள் சென்று மாற்றம் அடைந்து, உயிரணுவின் மையத்தில் உள்ள மரபுப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். உயிரணு தறிகெட்டுப் பெருக அது வழி செய்துவிடும்.

எல்லா வளையமும் எமன் அல்ல. தனி வளையம் உண்டு. இரட்டை வளையமும் உண்டு. பல வளையங்கள் சேர்ந்த சில கூட்டங்கள் ஆபத்தானவை.

ஆகவே, பெல் கண்ட தொழிலாளர்களைக் கொன்றது வெள்ளை மெழுகு அல்ல. மெழுகோடு ஒட்டி வந்த எண்ணெயும், அந்த எண்ணெயில் கரைந்திருந்த வளையங்களுமே.

பால் பெட்டியில் எழுந்த கேள்வி

அமெரிக்காவில் பாலை அட்டைப் பெட்டியில் ஊற்றி விற்றார்கள். அட்டை நனையாமல் இருக்க, அதற்கு மெழுகு பூசினார்கள். ரொட்டியை மெழுகுக் காகிதத்தில் சுற்றினார்கள். அந்த மெழுகு பெட்ரோலியத்தில் இருந்து எடுத்தது.

1958-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மனிதருக்கோ மிருகத்துக்கோ புற்றுநோய் உண்டாக்கும் எந்தப் பொருளையும் உணவில் சேர்க்கக்கூடாது என்று அது சொன்னது. அந்த விதி, அதைக் கொண்டுவந்த ஜேம்ஸ் டிலானி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் 'டிலானி விதி' என்று அழைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1959-ல், ஓர் அறிக்கை வெளிவந்தது. அமெரிக்காவில் மெழுகு அழுத்தும் யந்திரங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கும் மறைவிடத்தில் புற்றுநோய் வந்திருக்கிறது!

டாக்டர் பெல் எழுதி 83 ஆண்டுகள் ஆகிவிட்டன. கடல் தாண்டி, அதே வேலை, அதே எண்ணெய், அதே நோய்.

அப்படியானால், குழந்தை குடிக்கும் பாலின் கதி என்ன?

சிக்காகோ நகரில் ஷூபிக் என்பவரின் தலைமையில் விஞ்ஞானிகள் சோதனை நடத்தினார்கள். சுத்தம் செய்யப்பட்ட 5 வகை மெழுகுகளை எடுத்துக்கொண்டார்கள். எலிகளின் உணவில், 100 பங்குக்கு 10 பங்கு மெழுகைக் கலந்தார்கள். 2 ஆண்டுகள் தீனி போட்டார்கள். எலிக்கு 2 ஆண்டு என்பது ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும்.

1962-ம் ஆண்டு முடிவு வந்தது. மெழுகைத் தின்றதால் எலிகளுக்குப் புற்றுநோய் வரவில்லை.

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால், அந்த 5 மெழுகும் நல்ல மெழுகு என்றால், நாளைக்கு வரும் மெழுகும் நல்ல மெழுகு என்று யார் சொல்வது? ஒவ்வொரு மூட்டைக்கும் 2 ஆண்டு எலி வளர்க்க முடியுமா?

சில மணி நேரத்தில் உண்மையைச் சொல்லும் சோதனை ஒன்று வேண்டும்.

ஒளியே உரைகல்

தங்கத்தை உரசிப் பார்க்கக் கல் இருக்கிறது. மெழுகை உரசிப் பார்க்கக் கல்லாக வந்தது, புற ஊதா ஒளி.

மெழுகின் சரங்கள் இந்த ஒளியை வழி மறிப்பதில்லை. அப்படியே விட்டுவிடும். வளையங்களோ, ஒளியை விழுங்கிவிடும். எவ்வளவு ஒளி உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்தால், எவ்வளவு வளையம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

1965-ம் ஆண்டு, அமெரிக்க அரசாங்க உணவு-மருந்து இலாகாவைச் சேர்ந்த ஹோவர்டு, ஹேனி முதலிய ரசாயன நிபுணர்கள் இந்தச் சோதனை முறையை வெளியிட்டார்கள். அந்த முறை அமெரிக்க விதியிலும் இடம்பெற்றது.

சோதனை எப்படி நடக்கிறது?

முதலில், கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவார்கள். கழுவிய பாத்திரத்தைப் புற ஊதா விளக்கின் கீழே பிடிப்பார்கள். எங்காவது மினுங்கினால், அழுக்கு இருக்கிறது என்று பொருள். மறுபடியும் கழுவ வேண்டும். குழாய்த் திருகில் மசகு தடவக்கூடாது. மசகிலும் வளையம் இருக்கலாம்!

அறையில் விளக்கு மங்கலாகத்தான் எரிய வேண்டும். இந்த வளையங்களில் சில, வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். அப்புறம் நஞ்சு இருந்தும், இல்லை என்று கருவி சொல்லிவிடும்.

பிறகு, மெழுகை உருக்கி, 'டைமெத்தில் சல்பாக்சைடு' என்ற திரவத்தோடு பாஸ்பாரிக் அமிலம் கலந்த கலவையில் சேர்த்துக் குலுக்குவார்கள். பெயர்தான் நீளம். வேலை எளிது. அந்தத் திரவம் மெழுகோடு கலக்காது. தண்ணீரும் எண்ணெயும்போலத் தனித்து நிற்கும். சரங்கள் மெழுகிலேயே தங்கிவிடும். வளையங்கள், திரவத்துக்குள் வந்துவிடும்.

மோரைக் கடைந்தால் வெண்ணெய் தனியே திரள்கிறது அல்லவா? அதுபோல, இங்கே நஞ்சு தனியே திரள்கிறது.

அடியில் தங்கும் திரவத்தை வடித்து எடுத்து, தண்ணீர் விட்டு, 'ஐசோ ஆக்டேன்' என்ற தெளிந்த திரவத்துக்கு வளையங்களை மாற்றுவார்கள். அதைக் கொஞ்சமாகச் சுண்ட வைப்பார்கள். பிறகு, படிகக்கல்லால் செய்த சிறிய பெட்டியில் ஊற்றி, கருவிக்குள் வைப்பார்கள். சாதாரணக் கண்ணாடி உதவாது. அதுவே புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும்.

கருவியின் முள் நகரும். அது காட்டும் எண்தான் தீர்ப்பு.

நான்கு வேலிகள்

ஒளியை அதன் அலை நீளத்தால் அளப்பார்கள். அந்த அளவுக்கு நானோமீட்டர் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்கு போட்டால், ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

280 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள ஒளியில் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் நான்கு வேலிகள் போட்டிருக்கிறார்கள். ஒளியை விழுங்கும் அளவு இவற்றைத் தாண்டக்கூடாது.

280 முதல் 289 வரை: 0.15
290 முதல் 299 வரை: 0.12
300 முதல் 359 வரை: 0.08
360 முதல் 400 வரை: 0.02

கடைசி வேலியைப் பாருங்கள். அதுதான் மிகவும் குறுகலானது. 0.02 என்றால், 100 பங்கு ஒளியில் சுமார் 4½ பங்குதான் விழுங்கப்படலாம்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு? சிறிய வளையங்கள் குட்டை அலையை விழுங்கும். பல வளையங்கள் சேர்ந்த பெரிய கூட்டங்களே நீண்ட அலையை விழுங்கும். பென்சோ பைரீன் சிக்கும் இடம், அந்தக் கடைசி வேலிதான். எமன் வரும் வாசலில் காவல் அதிகம்!

ஒரு மெழுகு முதல் சோதனையில் தோற்றால், அதற்கு 'அப்பீல்' உண்டு. சிறிய வளையங்கள் சேர்ந்தும் ஒளியை விழுங்கி இருக்கலாம். அவற்றைப் பிரித்துத் தள்ள, மக்னீசியம் ஆக்சைடு பொடி நிரப்பிய குழாய் வழியாகச் செலுத்துவார்கள். மறுபடியும் அளப்பார்கள். அதிலும் தோற்றால், அந்த மெழுகு உணவுப் பக்கமே வரக்கூடாது.

பாலில் கிடைத்த வலை

வளையத்தைப் பிடித்தாயிற்று. சரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சரங்களிலும் இரண்டு வகை. நேராகப் போகும் சரம் ஒன்று. முருங்கைக் கிளைபோலப் பக்கவாட்டில் பிரியும் சரம் மற்றொன்று. மெழுகுவர்த்தி மெழுகில் நேர்ச் சரம் அதிகம். அது உடையும். கிளைச் சரம் அதிகம் உள்ள மெழுகு, இழுத்தால் வளையும். ஒட்டும். பாலாடைக் கட்டிக்குப் பூசவும், சூயிங்கத்துக்கும் அதுதான் ஏற்றது.

இரண்டையும் பிரிக்க வழி கிடைத்தது, பாலில்!

1940-ம் ஆண்டு, பெங்கன் என்ற ஜெர்மன் நிபுணர் பாலில் உள்ள கொழுப்பைச் சோதித்துக்கொண்டு இருந்தார். பாலில் யூரியாவைப் போட்டார். ஒருவகை ஆல்கஹாலையும் விட்டார். எதிர்பாராமல் படிகங்கள் உண்டாயின.

ஆராய்ந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. யூரியா, குழாய்போல ஒரு கூடு கட்டுகிறது. நேரான சரம் அதற்குள் நுழைந்துவிடுகிறது. கிளை உள்ள சரம் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது. வயலுக்கு உரமாகப் போடும் யூரியாதான், மெழுகில் நேர் எது, கிளை எது என்று பிரித்துக் காட்டும் வலை ஆயிற்று.

சரத்தின் நீளத்தை அளக்க இன்னொரு கருவி வந்தது. 1952-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் அந்த முறையை வெளியிட்டார்கள். மெழுகைச் சூட்டில் ஆவியாக்கி, வாயுவோடு நீண்ட மெல்லிய குழாயில் ஓட விடுவார்கள். குட்டைச் சரம் முதலில் வெளியே வரும். நெட்டைச் சரம் கடைசியில் வரும். ஒவ்வொன்று வரும்போதும், கருவி காகிதத்தில் ஒரு கோபுரம் வரையும். எந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் என்று பார்த்தால், எந்த நீளச் சரம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நீளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 20 கரி அணுச் சரம் சுமார் 37 டிகிரி சூட்டில் உருகிவிடும். சித்திரை வெயிலுக்குத் தாங்காது. 30 கரி அணுச் சரம் உருக, சுமார் 66 டிகிரி வேண்டும்.

உருகுவது மட்டும் அல்ல. உடல்நலமும் அதில் இருக்கிறது.

சுத்தமாக இருந்தால் போதுமா?

வளையம் இல்லாத மெழுகு என்றால், எந்த மெழுகையும் தின்னலாமா?

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த சோதனைகள், கூடாது என்று சொல்லின. குட்டைச் சரங்கள் அதிகம் உள்ள, எளிதில் உருகும் மெழுகை ஒருவகை எலிக்குக் கொடுத்தார்கள். மெழுகில் ஒரு பகுதி, குடலைத் தாண்டி உள்ளே போயிற்று. கல்லீரலிலும், நெறி கட்டும் முடிச்சுகளிலும் தங்கி, அங்கே அழற்சியை உண்டாக்கியது. நெட்டைச் சரம் உள்ள கனத்த மெழுகு அப்படித் தங்கவில்லை. வந்த வழியே போய்விட்டது.

ஆகவே, 1995-ம் ஆண்டு, உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு ஒரு வரம்பு கட்டியது. கனத்த மெழுகுக்குத்தான் அனுமதி. அதிலும், 25-க்குக் குறைந்த கரி அணுக்கள் உள்ள சரங்கள், 100-க்கு 5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. மனிதர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளில் 20 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போகக்கூடாது.

ஒளியை விழுங்குகிறதா? சரம் போதிய நீளமா? இந்த இரண்டு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லும் மெழுகே, வாய்க்குப் போகலாம்.

மணலி முதல் சிவகாசி வரை

மெழுகு தமிழ்நாட்டுக்குப் புதியது அல்ல. சென்னையை அடுத்த மணலியில், 1969-ம் ஆண்டு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. பிற்பாடு அங்கே பாரபின் மெழுகு தயாரிக்கும் பிரிவும் அமைந்தது.

சிவகாசித் தீப்பெட்டிக்கும் மெழுகு வேண்டும். தீக்குச்சியைப் பாரபின் மெழுகில் தோய்த்த பிறகுதான் மருந்தில் தோய்ப்பார்கள். மருந்து பற்றியதும், மெழுகுதான் தீயைக் குச்சிக்குக் கொண்டுபோகிறது. மெழுகு இல்லாவிட்டால், தீக்குச்சி 'சர்' என்று எரிந்து, அடுப்புக்குப் போவதற்குள் அணைந்துவிடும்.

வீட்டில் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மெழுகுவர்த்தி வேறு. உணவு மெழுகு வேறு. மெழுகுவர்த்தி எரிப்பதற்காகச் செய்யப்பட்டது. தின்பதற்காகச் சோதிக்கப்பட்டது அல்ல. அதில் சாயமும் வாசனையும் கலந்திருக்கலாம். குழந்தைகள் அதைக் கடிக்க விடக்கூடாது. ஊறுகாய் ஜாடியின் வாயை மூட, மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றக்கூடாது.

எண்ணெயோடு உழைப்பவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. சுத்தம் செய்யாத, அல்லது அரைகுறையாகச் சுத்தம் செய்த கனிம எண்ணெய், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்திருக்கிறது. எண்ணெயில் ஊறிய உடையை உடனே மாற்ற வேண்டும். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகி வைக்கக்கூடாது. இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

மெழுகுக்குக் காவலாக நான்கு எண்கள் இன்று நிற்கின்றன. அந்த எண்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் பிறக்கவில்லை. ஸ்காட்லாந்திலும், ஜெர்மனியிலும், அமெரிக்காவிலும் எண்ணெயில் ஊறிய உடையோடு நின்று, மெழுகைச் சுரண்டினார்களே, அந்தத் தொழிலாளர்களின் உடம்பில் பிறந்தன.

அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பட்ட புண்தான், பிறர் வீட்டுக் குழந்தைகளுக்கு வேலி ஆயிற்று.